புராஸ்டேட் தமனி எங்கிருந்து கிளைக்கிறது?

புராஸ்டேட் சுரப்பிக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் அகலம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். அது எங்கிருந்து கிளைக்கிறது என்று தேடிப்போகும் அவசியம் சென்ற நூற்றாண்டின் இறுதிவரை பெரும்பாலான மருத்துவர்களுக்கு வந்ததில்லை. அறுவை சிகிச்சையில் ரத்தம் கசிந்தால் கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பார்கள். அந்த ரத்தம் புறப்படும் வாய் எது என்ற கேள்வி எழாது. பாடநூல்களும் 'இன்ஃபீரியர் வெசிக்கல் தமனியின் கிளை' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டன. அந்த வரி எவ்வளவு போதாதது என்பதை 2010க்குப் பிறகு குவிந்த ஆஞ்சியோகிராம் படங்கள் காட்டின. இன்று பல நாடுகளில் ஒரு சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் இந்தச் சின்னக் குழாயின் பிறப்பிடத்தை மருத்துவர் சரியாகக் கண்டுபிடிப்பதில் இருக்கின்றன.

டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டை எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகனுக்கு மேற்கே, 1960களில் திட்டமிட்டுக் கட்டி எழுப்பிய புறநகர் அது. அங்கே வாழும் அறுபது வயதைக் கடந்த ஆண் ஒருவர் இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார் என்றால் முதலில் தன் குடும்ப மருத்துவரிடம் போவார். பிறகு பரிந்துரைக் கடிதம் தலைநகரப் பகுதியின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றுக்குப் போகும். பக்கத்து ஊரான குளோஸ்ட்ரூப்பின் மருத்துவமனை 2015 முதல் கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹோஸ்பிடலோடு இணைந்திருக்கிறது. வடக்கே ஹெர்லெவ் இருக்கிறது. புராஸ்டேட் பெருத்து சிறுநீர்க்குழாயை அழுத்துவதே காரணம் என்றால், மாத்திரை, சிறுநீர்த்துவாரம் வழியாகச் சுரப்பியைச் செதுக்கி எடுக்கும் டி.யு.ஆர்.பி. என்ற அறுவை, லேசர் எனப் பல வழிகள் உண்டு. அவற்றோடு சேர்ந்த புதிய வழிதான் புராஸ்டேட் தமனி எம்போலைசேஷன். தொடையிடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, புராஸ்டேட் தமனிக்குள் நுழைந்து, ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான நுண்துகள்களால் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். ரத்தம் குறைந்த சுரப்பி அடுத்த மாதங்களில் சுருங்கி, சிறுநீர்க்குழாயின் மீதான அழுத்தம் தளரும். ரிக்ஸ்ஹோஸ்பிடலின் ரேடியாலஜிஸ்டுகளும் யூராலஜிஸ்டுகளும் இந்தச் சிகிச்சையை ஆராய்ந்து எழுதிவருகிறார்கள். சிகிச்சைக்குப் பின் வரும் வலி, காய்ச்சல், குமட்டல் பற்றி உலகில் வெளியான ஆய்வுகளைத் திரட்டி 2020இல் அவர்கள் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள்.

இந்தச் சிகிச்சையின் தொடக்கம் எதிர்பாராதது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டிமெரிட்டும் அவர் குழுவினரும் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். புராஸ்டேட்டிலிருந்து நிற்காமல் ரத்தம் போனதால் தமனியை அடைத்தார்கள். ரத்தம் நின்றதோடு, ஓராண்டில் சுரப்பியின் அளவு பாதிக்கும் மேல் குறைந்தது. சாவோ பாவ்லோவில் பிரான்சிஸ்கோ கார்னெவாலே, வீக்கத்துக்காகவே இதைச் செய்த முதல் இரண்டு நோயாளிகளின் விவரத்தை 2010இல் வெளியிட்டார். லிஸ்பனில் ஜோவாவ் பிஸ்கோவின் குழு 2011இல் 15 பேரின் விவரத்தைத் தந்தது. பிரிட்டனின் யு.கே.-ரோப் பதிவேடு 305 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 2018இல் அந்நாட்டின் நைஸ் அமைப்பு இதற்கு வழிகாட்டுதல் தந்தது. ஐரோப்பிய யூராலஜி சங்கமோ ஒரு நிபந்தனையோடு ஏற்கிறது: யூராலஜிஸ்டும் பயிற்சி பெற்ற ரேடியாலஜிஸ்டும் கூடி வேலை செய்யும் இடங்களில் மட்டுமே செய்ய வேண்டும். அந்த நிபந்தனைக்கான வலுவான காரணங்களில் ஒன்று தமனியின் அமைப்பிலேயே இருக்கிறது.

இடுப்புக்குள் இருபக்கமும் இன்டர்னல் இலியாக் தமனி இறங்குகிறது. அதன் முன்பிரிவிலிருந்து சிறுநீர்ப்பை, மலக்குடல், ஆண்குறி, தொடையின் உட்புறம் ஆகியவற்றுக்குக் கிளைகள் பிரிகின்றன. எந்தக் கிளை எதிலிருந்து எந்த வரிசையில் பிரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மனிதரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாததும் சாதாரணம். காரணம் கருவில் இருக்கிறது. இடுப்பின் ரத்தக்குழாய்கள் முதலில் ஒரு வலைப்பின்னலாகத் தோன்றுகின்றன. வளரும் உறுப்புகள் இழுக்கும் ரத்தத்தைப் பொறுத்துச் சில இழைகள் பெருத்து நிலைக்கின்றன, மற்றவை மறைகின்றன. கருவில் தொப்புள்கொடிக்கு ரத்தம் கொண்டுபோன தமனியின் எஞ்சிய பகுதிதான், வளர்ந்த ஆணில் சிறுநீர்ப்பையின் மேற்பகுதிக்குப் போகும் சுபீரியர் வெசிக்கல் தமனி. பலருக்குப் புராஸ்டேட் தமனி இதனோடு ஒரே அடியிலிருந்து கிளைக்கிறது. பிறந்த நாளோடு வேலை முடிந்த ஒரு வழி, அறுபது ஆண்டு கழித்து ஒரு கதீட்டருக்குப் பாதையாகிறது. உடற்கூறில் இதைவிட என்னை வியக்கவைக்கும் தொடர்ச்சிகள் குறைவு.

படம் எடுக்கும் கருவிகள் வருவதற்கு முன்பே இதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. ரூபின் ஃப்ளாக்ஸ் 1937இல் சுரப்பிக்குள் தமனிகள் பரவும் விதத்தை வரைந்தார். சிறுநீர்க்குழாயை நோக்கிப் போகும் கிளைகள், சுரப்பியின் உறையை ஒட்டிப் பரவும் கிளைகள் என்று அவர் பிரித்த இரண்டு தொகுதிகள் இன்றும் பயன்படுகின்றன. வயதில் பெருத்து அடைப்பது முதல் தொகுதியின் ரத்தத்தைக் குடிக்கும் பகுதிதான். கிளெக் 1955இல் சுரப்பியின் தமனிகளை மறுபடி விரிவாக ஆராய்ந்தார். அந்த ஆய்வுகள் நூலகங்களில் தூங்கின. எம்போலைசேஷன் வந்த பிறகுதான் ரேடியாலஜிஸ்டுகள் அவற்றைத் தேடி எடுத்தார்கள்.

இன்று அதிகம் புழங்கும் வகைப்பாடு சாவோ பாவ்லோவிலிருந்து 2015இல் வந்தது. ஆந்த்ரே டி அசிஸ், கார்னெவாலே குழுவினர் 143 ஆண்களின் 286 இடுப்புப் பக்கங்களை ஆஞ்சியோகிராமில் பார்த்தார்கள். சுபீரியர் வெசிக்கல் தமனியோடு சேர்ந்து கிளைப்பது முதல் வகை: 28.7 சதவீதம். அதற்குச் சற்றுக் கீழே முன்பிரிவிலிருந்து தனியாகக் கிளைப்பது இரண்டாவது: 14.7. தொடையின் உட்புறத்துக்குப் போகும் ஆப்டுரேட்டர் தமனியிலிருந்து கிளைப்பது மூன்றாவது: 18.9. ஆண்குறிக்கும் மூலாதாரப் பகுதிக்கும் ரத்தம் தரும் இன்டர்னல் ப்யூடெண்டல் தமனியிலிருந்து கிளைப்பது நான்காவது: 31.1. இவற்றில் அடங்காத அபூர்வங்கள் ஐந்தாவது: 5.6. ஐந்து வகைகளில் எதுவும் பாதியைக்கூட எட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'வழக்கமான' புராஸ்டேட் தமனி என்று ஒன்றைச் சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை.

இதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2012இல், லிஸ்பனின் டியாகோ பில்ஹிமும் பிஸ்கோவும் 75 ஆண்களின் 150 பக்கங்களை சி.டி. ஆஞ்சியோகிராமிலும் கதீட்டர் ஆஞ்சியோகிராமிலும் பார்த்திருந்தார்கள். அங்கேயும் இன்டர்னல் ப்யூடெண்டல் தமனியே முதலிடம்: 34.1 சதவீதம். இரண்டு கண்டங்கள், இரண்டு குழுக்கள், ஏறத்தாழ ஒரே எண். ஆனால் அடுத்த கேள்விக்கு வந்தால் ஒற்றுமை உடைகிறது. தனித்தனியாக இரண்டு புராஸ்டேட் தமனிகள் இருப்பது எத்தனை பக்கங்களில்? லிஸ்பன் 43 சதவீதம் என்கிறது. சாவோ பாவ்லோ 8 சதவீதம் என்கிறது.

போர்ச்சுகீசிய ஆண்களுக்கும் பிரேசில் ஆண்களுக்கும் இடையே இவ்வளவு உடற்கூற்று வேறுபாடு இருக்கும் என்று நம்ப முடியாது. எண்ணும் விதம் வேறு என்பதே என் முடிவு. சுரப்பியின் நடுப்பகுதிக்கு ஒரு கிளை, ஓரப்பகுதிக்கும் உறைக்கும் ஒரு கிளை என இரண்டு போகின்றன. இவை ஒரே அடியிலிருந்து பிரிந்தால் ஒரு தமனி. அடியிலேயே விலகியிருந்தால் இரண்டு. அடி எவ்வளவு குட்டையாக இருந்தால் இரண்டு என்று எண்ணுவது? மலக்குடலுக்கும் கிளை தரும் பொதுக் குழாயைப் புராஸ்டேட் தமனி என்று சேர்ப்பதா, விடுவதா? இவற்றுக்கு இரு குழுக்களும் ஒரே விடை வைத்திருக்கவில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. லிஸ்பன் தன் பிறப்பிடச் சதவீதங்களை மொத்தத் தமனிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சொன்னது. சாவோ பாவ்லோ பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தது. 34.1ஐயும் 31.1ஐயும் பக்கம் பக்கமாக வைத்து 'ஒத்துப்போகின்றன' என்று எழுதும் கட்டுரைகள் இந்த வகுக்கும் எண்ணைக் கவனித்து எழுத வேண்டும். நான் மேலே அவற்றை அடுத்தடுத்து வைத்ததும் இந்த எச்சரிக்கையோடுதான்.

அருகிலுள்ள இன்னொரு குழாய் இதே பாடத்தை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. சில ஆண்களுக்கு ஆண்குறிக்கு ரத்தம் தரும் கூடுதல் தமனி ஒன்று புராஸ்டேட்டை உரசிக்கொண்டே போகும். துணை ப்யூடெண்டல் தமனி என்பார்கள். 1989இல் பிரேசாவும் சகாக்களும் பத்து சடலங்களைக் கூறாய்ந்து ஏழில் அதைக் கண்டார்கள். 1995இல் பொலாசிக்கும் பேட்ரிக் வால்ஷும் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை நீக்கிய 835 அறுவைகளில் அதை 33 பேரிடம் மட்டுமே பார்த்தார்கள், நான்கு சதவீதம். எழுபதும் நான்கும் ஒரே உறுப்பைப் பற்றிய எண்கள்! பொறுமையாகக் கூறாயும் கை மயிரிழைக் குழாயையும் எண்ணும். ரத்தம் கசியும் அறுவைத் தளத்தில் பார்க்கும் கண் பெரியதை மட்டும் எண்ணும். சடலமும் அறுவையும் படமும் மூன்று வேறு சாட்சிகள். மூன்றையும் கலந்து சராசரி எடுப்பது சாட்சியங்களைக் குழப்புவதாகும்.

எண்ணிக்கைச் சண்டை இருக்கட்டும், நோயாளிக்கு இதனால் என்ன? தலைமடையை அடைத்தால் எந்தெந்த வயல் காயும் என்று தெரிந்த நீர்க்கட்டிதான் மதகில் கை வைக்கலாம். புராஸ்டேட் தமனியின் அடியிலிருந்து சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் ஆண்குறிக்கும் கிளைகள் போகலாம். அதைவிட ஆபத்தானவை மறைவான இணைப்புகள். முதலில் தெரியாமல் இருந்து, சுரப்பி நிரம்பி அழுத்தம் ஏறியதும் திடீரெனத் திறந்துகொண்டு நுண்துகள்களை வேறு உறுப்புக்கு இட்டுச்செல்லும். மலக்குடலில் புண், ஆண்குறியின் நுனியில் புண், சிறுநீர்ப்பைச் சுவரில் ரத்தம் வற்றிய திட்டு ஆகியவை மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிஸ்கோவின் முதல் 15 பேரிலேயே ஒருவருக்குச் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒரு பகுதி ரத்தம் இழந்து, அறுவை செய்ய வேண்டியிருந்தது. அதை மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மைதான் அடுத்து வந்தவர்களை எச்சரித்தது. ஆபத்தான இணைப்பு தெரிந்தால் இப்போது அதை முதலில் சிறு உலோகச் சுருளால் மூடிவிட்டு, பிறகே துகள்களைச் செலுத்துகிறார்கள். அல்லது கதீட்டரை இணைப்பைத் தாண்டி உள்ளே கொண்டுபோகிறார்கள்.

ஐந்தாவது வகை 5.6 சதவீதம்தானே என்று தள்ளிவிட முடியாததற்கும் காரணம் உண்டு. சிலருக்கு ஆப்டுரேட்டர் தமனி அதன் இயல்பான இடத்தில் பிறக்காமல், வெளி இலியாக் தமனியின் பக்கமிருந்து, அடிவயிற்றுச் சுவரின் தமனியோடு சேர்ந்து பிறக்கும். அந்த ஆப்டுரேட்டரிலிருந்து புராஸ்டேட் தமனி கிளைத்தால், மருத்துவர் இன்டர்னல் இலியாக் தமனியின் ஒவ்வொரு கிளையையும் துழாவியும் எதுவும் அகப்படாது. நேரமும் கதிர்வீச்சும் சாயமருந்தும் ஏறிக்கொண்டே போகும். ஒரு பக்கம் கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டால் சுரப்பியின் பாதி அப்படியே ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும். தேடும் இடம் தவறு என்ற எண்ணம் வந்தால்தான் தேடல் முடியும். அந்த எண்ணத்தைத் தருவது வகைப்பாட்டுப் படிப்பு. சதவீதங்களைவிட இந்தப் பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

படமெடுக்கும் முறைகளுக்கு வருவோம். கதீட்டர் ஆஞ்சியோகிராம், ஸ்வீடனின் ஸ்வென்-இவார் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட ஊசி-கம்பி உத்தியின் நேரடி வாரிசு. அதன் பலம் தெளிவு. பலவீனம், மூன்று பரிமாணத்தை ஒரு தட்டையான படமாக நசுக்கிவிடுவது. இடுப்பில் குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். அதனால் கருவியை அதே பக்கமாக ஏறக்குறைய 35 டிகிரி சாய்த்து, கீழிருந்து மேலாக 10 டிகிரி திருப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அந்தக் கோணத்தில் கிளைகள் விலகித் தெரியும். பெருத்த புராஸ்டேட்டுக்குப் போகும் குழாய் பலருக்குத் திருகுச்சுருள் போல வளைந்து வளைந்து போகும். பழகிய கண் அதை வைத்தே இனம் காணும். ஆனால் வயதும் சர்க்கரையும் புகையும் இடுப்பிலுள்ள எல்லாத் தமனிகளையும் முறுக்கிவிடுகின்றன. அப்போது அந்த அடையாளம் ஏமாற்றும்.

இங்கேதான் கோன்-பீம் சி.டி. வந்து துணைசெய்தது. சிகிச்சை மேசையிலேயே, நோயாளியை நகர்த்தாமல், எக்ஸ்-ரே கை அவரைச் சுற்றிச் சில நொடிகளில் சுழன்று முப்பரிமாணப் படம் தருகிறது. கதீட்டர் நுனியிலிருந்து செலுத்திய சாயம் சுரப்பியின் நடுப்பகுதியை நிறைக்கிறதா, மலக்குடல் சுவரில் ஏறுகிறதா என்று துகள் போடும் முன்பே பார்க்கலாம். அமெரிக்காவில் சந்தீப் பக்லாவின் குழு 2013இல் இதன் பயனை எழுதியது. பெய்ஜிங்கின் வாங் மாவ்சியாங் குழு 148 நோயாளிகளில் கதீட்டர் ஆஞ்சியோகிராமோடு இதைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியிட்டது. தட்டைப் படத்தை மட்டும் நம்பிச் செய்த பழைய கணக்குகளை இந்த முறையோடு மறுபடி எண்ணிப் பார்க்காமல் ஒப்பிடக் கூடாது.

சிகிச்சைக்கு முன்பே சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டுமா என்பதில் நிபுணர்கள் ஒத்துப்போவதில்லை. எடுத்தால் பாதை முன்கூட்டியே தெரியும், மேசையில் தேடல் குறையும். கூடுதல் கதிர்வீச்சும், சிறுநீரகம் தாங்க வேண்டிய கூடுதல் சாயமும் அதன் விலை. லிஸ்பன் குழு தொடக்கத்திலிருந்தே எடுத்துவந்தது. பிரிட்டனின் சவுத்தாம்ப்டனில் இதையே கேள்வியாக வைத்து ஆராய்ந்து, பயன் உண்டு என்ற பக்கம் சாய்ந்தார்கள். கை தேர்ந்த இடங்களில் கோன்-பீமே போதும் என்பாரும் உண்டு. தொடக்க நிலையில் இருக்கும் எந்த மருத்துவமனைக்கும் முன்கூட்டிய சி.டி. தேவை என்றே நான் சொல்வேன். எம்.ஆர். ஆஞ்சியோகிராம் கதிர்வீச்சில்லாத வழி. இத்தனை சின்னக் குழாய்க்கு அதன் கூர்மை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

இனத்துக்கு இனம் தமனி மாறுமா? இந்தக் கேள்வி பழையது. ஜப்பானிய உடற்கூற்றாளர் புந்தாரோ அடாச்சி 1928இல் தன் நாட்டவரின் தமனிகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் பெருநூல் எழுதினார். இன்டர்னல் இலியாக் தமனி பிரியும் விதத்துக்கு அவர் தந்த வகைகளை, திருத்தங்களோடு, இன்றும் ரேடியாலஜிஸ்டுகள் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தியாவிலும் தொடர்புடைய வேலை நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் உடற்கூற்றாளர்கள் 98 அரை இடுப்புகளில் ஆப்டுரேட்டர் தமனியின் பிறப்பிடத்தை ஆராய்ந்து 2009இல் சாவோ பாவ்லோவிலிருந்து வரும் இதழொன்றில் வெளியிட்டார்கள். புராஸ்டேட் தமனியின் மூன்றாவது வகையும் ஐந்தாவது வகையின் ஒரு பகுதியும் ஆப்டுரேட்டரைச் சார்ந்தவை என்பதால் அந்த வேலை நேரடியாகப் பொருந்தும். ஆனால் புராஸ்டேட் தமனியின் பிறப்பிடத்துக்கு உலகம் மேற்கோள் காட்டும் எண்கள் பிரேசில், போர்ச்சுகல், சீனம், அமெரிக்கா ஆகிய இடங்களைச் சேர்ந்தவை. மனிதக் குழுக்களுக்கிடையே உண்மையான வேறுபாடு இருந்தாலும், எண்ணும் முறையின் வேறுபாடு அதை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. 43க்கும் 8க்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை முதலில் நிரப்பாமல், தமிழருக்கு இவ்வளவு, டேனியருக்கு இவ்வளவு என்று அட்டவணை போடுவது வீண்.

இந்தக் கேள்வி நமக்குத் தொலைவில் இல்லை. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி டென்மார்க் போன தமிழ் இளைஞர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். எண்பதைக் கடந்த ஆண்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புராஸ்டேட் பெருத்திருக்கும் என்று திசு ஆய்வுகள் சொல்கின்றன. 1986இல் இருபத்தைந்து வயதில் அங்கே இறங்கியவர் இன்று யூராலஜிஸ்டின் காத்திருப்பு அறையில் உட்காரும் வயதில் இருக்கிறார். அவருடைய இடுப்பைப் படமெடுக்கும் மருத்துவர் சாவோ பாவ்லோவின் சதவீதங்களைப் படித்துத் தேர்ந்தவர். அதில் தவறில்லை, சதவீதத்தை மறந்துவிட்டு எதிரே உள்ள படத்தைப் பார்க்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

டென்மார்க்குக்கு இந்தத் துறையில் ஒரு தனிப் பங்கு உண்டு, அது படமெடுப்பதில் இல்லை. ஹெர்லெவ் மருத்துவமனையின் டாகெ ஹால்ட் 1989இல் மூன்று வெட்டிக்கொள்ளும் வட்டங்களை வரைந்தார்: தொல்லை, சுரப்பியின் பெருக்கம், சிறுநீர் அடைப்பு. ஒன்று இருந்தால் மற்றது இருந்தே தீரும் என்பதில்லை என்று அந்த வரைபடம் உலகுக்குக் கற்பித்தது. அவரும் சகாக்களும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய டான்-பிஎஸ்எஸ் என்ற பன்னிரண்டு கேள்விப் பட்டியல், உபாதை எவ்வளவு என்று கேட்டதோடு, அது உங்களை எவ்வளவு வாட்டுகிறது என்றும் தனியாகக் கேட்டு இரண்டையும் பெருக்கியது. இரவில் மூன்று முறை எழுவதைப் பொருட்படுத்தாத ஆணுக்கும் அதனால் தூக்கம் இழந்து தவிக்கும் ஆணுக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்காது. தமனியை அடைக்கும் முன் யாருக்கு அடைக்க வேண்டும் என்று தீர்மானிக்க இதைவிட மனிதத்தன்மையுள்ள கருவியை நான் பார்த்ததில்லை.

டென்மார்க்கின் அடுத்த பலம் பதிவேடுகள். 1968 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண். 1977 முதல் தேசிய நோயாளர் பதிவேடு. குளோஸ்ட்ரூப்பின் ஆய்வு மையம் 1964இல் தொடங்கி கோபன்ஹேகனின் மேற்குப் புறநகர் மக்களை இதயநோய்க்காகவும் சர்க்கரைக்காகவும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்திருக்கிறது. ஒருவருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பல பத்தாண்டுகளுக்குப் பின்தொடர அங்கே முடியும். ஆனால் நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு உண்டு. தமனி எங்கே கிளைத்தது என்பது ரேடியாலஜிஸ்டின் அறிக்கையில் ஒரு வாக்கியமாகத் தங்கிவிடுகிறது. ஐந்து வகைகளில் எது, பக்கத்துக்கு எத்தனை குழாய், எந்த உறுப்போடு இணைப்பு, எந்தப் படமுறையில் பார்த்தது என்ற நான்கு விவரங்களை ஒரே வரையறையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகப் பதிந்தால், முதல் வகை ஆணுக்கும் நான்காம் வகை ஆணுக்கும் ஐந்தாண்டு கழித்துச் சிகிச்சைப் பலன் வேறுபடுகிறதா என்று அந்தச் சின்ன நாட்டால் சொல்ல முடியும். வகைக்கும் நீண்டகாலப் பலனுக்கும் உள்ள உறவுதான் இன்னும் உறுதியான விடை வேண்டி நிற்கும் பெரிய கேள்வி.

தமிழ்நாட்டில் தேவைப்படுவது வேறு. இடுப்பு எலும்பு முறிவுக்காகவும் சிறுநீர்ப்பை ரத்தக்கசிவுக்காகவும் பெரிய மருத்துவமனைகளில் எடுத்த சி.டி. ஆஞ்சியோகிராம்கள் கணினிச் சேமிப்பில் கிடக்கின்றன. மெல்லிய வெட்டுகளாக, சரியான நொடியில் சாயம் ஏறிய நிலையில் எடுத்தவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியாகப் படித்துப் பிறகு ஒப்பிட்டால் போதும்; எந்த நோயாளிக்கும் புதிதாக ஒரு கதிர்கூடப் பட வேண்டாம். அந்த எண்ணிக்கையைத் தொடங்கும்போது, பக்கத்தால் வகுக்கிறோமா தமனியால் வகுக்கிறோமா, இரட்டை என்றால் எதைச் சொல்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.